ரகசிய வருகையும் ஆயிர வருஷமும்: நெல்லைச் சீமைக்கு வந்துசேர்ந்த ஒரு கால அட்டவணை

இஸ்ரேலில் குண்டு விழுந்தால் அடுத்த மாதம் சாத்தான்குளம் பக்கம் ஒரு பந்தல் எழும்பும். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், வள்ளியூர் என்று எந்த ரோட்டில் போனாலும் சுவரொட்டி கண்ணில் படும். 'இயேசு சீக்கிரம் வருகிறார்', மூன்று நாள் கன்வென்ஷன், தினமும் மாலை ஆறு மணி, அனைவரும் வருக. இயேசு வருகிறார் என்பதில் எந்தக் கிறிஸ்தவனுக்கும் தகராறு இல்லை. எப்படி வருகிறார், எத்தனை தடவை வருகிறார், வந்த பிறகு என்ன செய்யப் போகிறார் என்று பந்தலுக்குள் சொல்லப்படுவதில்தான் சிக்கல்.

மேடைக்குப் பின்னால் துணியில் எழுதிய ஒரு நீளப் படம் தொங்கும். இப்போது பல இடங்களில் எல்.ஈ.டி. திரை வந்துவிட்டது, படம் மட்டும் அதேதான். இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், அப்புறம் நோவாவின் பேழை, சீனாய் மலை, நடுவில் சிலுவை. சிலுவையைத் தாண்டினால் 'சபையின் காலம்' என்று ஒரு கட்டம். அது முடிகிற இடத்தில் மேகத்தை நோக்கி ஓர் அம்புக்குறி, அதை ஒட்டி வெள்ளை உடுப்பில் மனிதர்கள் மேலே போகிறார்கள். இதுதான் ரகசிய வருகை. கீழே சிவப்பில் ஏழு வருஷ உபத்திரவம், அதற்குள் ஏழு தலை மிருகம். மறுபடி மேலிருந்து கீழே ஓர் அம்புக்குறி, இது பகிரங்க வருகை. அப்புறம் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட ஆயிர வருஷ அரசாட்சி. வலது ஓரத்தில் வெள்ளைச் சிங்காசனமும் அக்கினிக் கடலும்.

நம் ஊரில் பலர் இந்தப் படத்தைத் தாத்தா காலத்து விசுவாசம் என்றே நினைக்கிறார்கள். அது அவ்வளவு பழசு இல்லை. இந்த மாதிரிப் படங்களை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் லார்கின். இயந்திரப் பொறியாளராகவும் வரைவாளராகவும் வேலை பார்த்துவிட்டுப் பாப்டிஸ்ட் போதகரானவர். வேதாகமத்தை ஒரு கட்டட வரைபடம் போல அளவெடுத்துக் கட்டம் கட்டும் அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று இதிலேயே தெரிந்துவிடும். அவருடைய படத்தொகுப்பு 1918-இல் வெளிவந்தது. படத்துக்குப் பின்னால் இருக்கும் உபதேசம் அதைவிடக் கொஞ்சம் மூத்தது, ஆனாலும் இருநூறு வயது ஆகவில்லை.

ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயிர வருஷ அரசாட்சிக்கு முன்பே கிறிஸ்து வருவார் என்று நம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே பாப்பியா, யுஸ்தீன், இரேனேயு போன்ற ஆதிச்சபை ஆசிரியர்கள் பூமியில் ஓர் ஆயிர வருஷ ராஜ்யத்தை எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு திராட்சைக் கொடியிலும் பதினாயிரம் கிளை விடும் என்கிற அளவுக்குப் பாப்பியாவின் கற்பனை போனது. ஆனால் அவர்கள் யாரும் சபை முதலில் ரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், ஏழு வருஷம் கழித்து இன்னொரு வருகை என்று சொல்லவில்லை. கிறிஸ்துவுக்கு எதிரியாகக் கடைசியில் எழும்பும் அந்திக்கிறிஸ்துவின் கையில் சபை பாடுபடும் என்றுதான் இரேனேயு எழுதினார். அந்தப் பழைய வகையை ஒரு கிறிஸ்தவன் ஏற்கலாம், மறுக்கலாம். நான் மறுக்கிறேன், ஆனால் அது குடும்பத்துக்குள் நடக்கிற வாக்குவாதம். யுஸ்தீனே தன் நூலில், சுத்தமான விசுவாசமுள்ள பல கிறிஸ்தவர்கள் இதில் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். இந்தக் கட்டுரையின் விமரிசனம் பெரும்பாலும் நம் பந்தல்களில் ஓடுகிற புதிய வகையைப் பற்றியது.

அந்தப் புதிய வகை ஜான் நெல்சன் டார்பியிடமிருந்து தொடங்குகிறது. 1800-இல் பிறந்தவர், அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர், அதைவிட்டு வெளியேறி, குருமார் இல்லாமல் எளிய முறையில் கூடிவந்த பிரதரன் (சகோதரர்) இயக்கத்தின் பெருந்தலையானவர். 1830-களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் தீர்க்கதரிசனத்தைப் பற்றித் தொடர் மாநாடுகள் நடந்தன. பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன் என்று ஐரோப்பா கலங்கி முடிந்திருந்த காலம். உலகம் முடியப் போகிறது என்ற பேச்சுக்கு நல்ல கிராக்கி. அந்த வட்டாரத்தில்தான் டார்பியின் கொள்கை கெட்டிப்பட்டது. தேவனுக்கு இரண்டு ஜனங்கள்: பூமிக்குரிய இஸ்ரவேல், பரலோகத்துக்குரிய சபை. தீர்க்கதரிசன வாக்குகள் எல்லாம் இஸ்ரவேலுக்கு. யூதர்கள் மேசியாவை ஏற்காததால் கடிகாரம் நின்றுவிட்டது, சபை நடுவில் வந்த ஓர் இடைச்செருகல். அந்த இடைச்செருகலைத் தூக்கிவிட்டால்தான் கடிகாரம் மறுபடி ஓடும். அதற்குத்தான் ரகசிய வருகை. ஆக, ரகசிய வருகை ஒரு வசனத்தைப் படித்து வந்த முடிவு அல்ல. இரண்டு ஜனம் என்ற கணக்கு உதைக்காமல் இருக்கத் தேவைப்பட்ட ஒரு விடை.

1909-இல் சைரஸ் ஸ்கோஃபீல்டு இந்தக் கொள்கையை அடிக்குறிப்புகளாக எழுதி வேதாகமத்தோடு சேர்த்து அச்சிட்டார். மேலே வேத வசனம், கீழே அவருடைய குறிப்பு, இரண்டும் ஒரே பக்கத்தில். வாசிக்கிறவனுக்குக் கொஞ்ச நாளில் எது வசனம் எது குறிப்பு என்ற கோடு அழிந்துபோகும். அந்த வேதாகமத்தில் படித்துத் தேறிய மிஷனரிகளும் வேதாகமப் பள்ளிகளும் வழியாக, பிரதரன் கூட்டங்களுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும், அப்புறம் அங்கிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளின் ஜெபக் குழுக்களுக்கும் இது இறங்கியது.

நம் பக்கத்துக்கு இந்த உஷ்ணம் இன்னும் சீக்கிரமே வந்துவிட்டது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகரை இங்கே ஐயர் என்பார்கள்), தன்னை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கத்தோடு முரண்பட்டு 1835-இல் நீக்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதே வருஷங்களில் திருநெல்வேலிக்கு வந்து அவருக்குப் பக்கபலமாக நின்றவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். ரேனியஸிடம் படித்த உக்கிரன்கோட்டை ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்துகொண்டார். சங்கத்துச் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார், 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். 1860-இல் அவரைச் சுற்றி ஓர் எழுப்புதல் வெடித்தது. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்காவின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே அலை கிளம்புவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முந்தியது இது. அருளப்பனைக் குறைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பணத்தை நம்பாத இந்திய ஊழியம் என்றால் அவர் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த எழுப்புதலுக்குப் பின்கதை ஒன்று உண்டு. இங்கிருந்து போன ஊழியக்காரர்கள் வழியாக 1870-களில் அது மத்திய திருவிதாங்கூரில் பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற சி.எம்.எஸ். குரு, பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர், அதில் மும்முரமாக இறங்கினார். கிறிஸ்து 1881-இல் வருவார் என்று அவர் கூட்டம் அறிவித்தது, தாய்ச்சபையை விட்டுத் தனிச் சபையாகப் பிரிந்தது. இன்னும் ஐந்தரை வருஷம்தான் என்ற கெடுவை வைத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'அஞ்சரை வேதக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1881 வந்தது, போனது. வருகை ஆவிக்குரிய விதத்தில் நடந்தேறிவிட்டது என்று விளக்கம் சொல்லி அந்தக் கூட்டம் வேறொரு மதமாகவே மாறிப்போனது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-க்காகக் காத்திருந்து ஏமாந்தபோதும் இதே மாதிரிதான்: தேதி சரி, நடந்தது பூமியில் இல்லை பரலோகத்தில் என்று ஒரு விளக்கம் வந்தது. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28, அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் சொன்ன 2011 மே 21 என்று இந்த வரிசை நீளம். தேதி பொய்த்துப் போனால் அட்டவணையைத் தூக்கிப் போடுவதில்லை, தேதியை மட்டும் மாற்றுகிறார்கள். அந்த வசதி அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது.

சரி, சபை பொதுவாக என்னதான் சொல்லி வந்திருக்கிறது? பாளையங்கோட்டை ஊசிக் கோபுரக் கோயிலில் இருந்து தேரிக்காட்டு ஓலைப்பள்ளிச் சபை வரை, ஞாயிறுதோறும் நாம் நின்றுகொண்டு சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்தால் போதும். அவர் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார். ஒரே வருகை, அதன் நோக்கம் நியாயத்தீர்ப்பு. திருவிருந்து ஆராதனையில் சொல்லும் நிசேயா பிரமாணம் இன்னும் ஒரு படி மேலே போய் அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்கிறது. ஆயிரம் வருஷத்தோடு முடிகிற ராஜ்யத்துக்கு அதில் இடமே விடவில்லை. வாயால் இதைச் சொல்லிவிட்டு, அதே வாரம் பந்தலில் போய் இரண்டு வருகைக்கும் இரண்டு மூன்று உயிர்த்தெழுதலுக்கும் ஆமென் சொல்கிறோம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் 'தேவனுடைய நகரம்' என்ற தன் பெருநூலின் இருபதாம் புத்தகத்தில், தாமும் ஒரு காலத்தில் ஆயிர வருஷக்காரராக இருந்ததைச் சொல்லிவிட்டு, வெளிப்படுத்தல் 20-இன் ஆயிர வருஷம் இப்போது நடக்கும் சபையின் காலம்தான் என்று விளக்கினார். மேற்கத்திய சபை பெரும்பாலும் அந்த வழியிலேயே நடந்தது. 1530-இன் லூத்தரன் அறிக்கையான ஆக்ஸ்பர்க், நியாயத்தீர்ப்புக்கு முன்பே பரிசுத்தவான்கள் உலகத்தை ஆளுவார்கள் என்ற போதனையை அதன் 17-ஆம் பிரிவில் தள்ளியது. ஆங்கிலிக்கன் சபை 1553-இல் வெளியிட்ட 42 பிரமாணங்களில் ஒன்று ஆயிர வருஷக்காரர்களையே குறிவைத்தது. பின்னால் அவை 39 ஆனபோது அது விடப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1944-இல், இந்தப் போதனையின் மிதமான வடிவத்தைக்கூடப் பாதுகாப்பாகக் கற்பிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. மணப்பாட்டுக் கத்தோலிக்கரும் நாசரேத்து ஆங்கிலிக்கரும் ஒத்துப்போகிற விஷயங்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

சபை சொன்னது இருக்கட்டும், வேதம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ரகசிய வருகைக்கு ஆணிவேராகக் காட்டுவது 1 தெசலோனிக்கேயர் 4. அங்கே கர்த்தர் 'ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும்' இறங்கி வருகிறார். வேதாகமத்திலேயே இவ்வளவு சத்தமான பகுதி அதிகம் இல்லை. இதைப் போய் ரகசியம் என்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அடுத்தது, விசுவாசிகள் அவருக்கு எதிர்கொண்டு போகிறார்கள். எதிர்கொண்டு போகிறவர்கள் எங்கே போவார்கள்? பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வருகிறார் என்றால், நம் கிராமங்களில் கொட்டுமேளத்தோடு ஊர் எல்லைக்குப் போய் மாலை போட்டு அவரைக் கோயிலுக்கு அழைத்து வருவார்கள். எல்லையிலேயே அவர் காரில் ஏறிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்விடுகிறவர்கள் யாரும் இல்லை. பவுல் ரோமாபுரிக்கு வந்தபோது சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு போனது அப்படித்தான்; பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு போனதும் அவரோடு கலியாண வீட்டுக்குள் நுழையத்தான். தெசலோனிக்கேயருக்கு எழுதினதிலும் வருகிறவர் பூமிக்கு வந்துகொண்டிருக்கிறார். ஏழு வருஷம் வேறு இடத்தில் தங்கிவிட்டு வரும் விவரம் அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

'ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்' என்ற மத்தேயு 24-ஐச் சொல்லிப் பயமுறுத்தாத கன்வென்ஷன் கிடையாது. சின்ன வயதில் வீட்டில் அம்மாவைக் காணவில்லை என்றால் 'வருகை வந்துவிட்டதோ, நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ' என்று அழுத பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ. ஆனால் இயேசு அந்த வசனத்துக்கு முன்னால் நோவாவின் நாட்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்: ஜலப்பிரளயம் வந்து அனைவரையும் 'வாரிக்கொண்டுபோகுமட்டும்' உணராதிருந்தார்கள். அந்தக் கதையில் வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் துன்மார்க்கர். பூமியில் விடப்பட்டவர் நோவா. கோதுமையும் களையும் உவமையிலும் வரிசை அதேதான். 'முதலாவது, களைகளைப் பிடுங்கி' என்றுதான் எஜமான் சொல்கிறார், கோதுமையை முதலில் எடுத்து ஒளித்து வையுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் அறுப்பு மட்டும் ஒன்றாகவே வளர வேண்டும் என்பதுதான் அந்த உவமைக்கே அச்சாணி.

உயிர்த்தெழுதலை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் 5-இல் 'பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும்' அவருடைய சத்தத்தைக் கேட்கும் ஒரே வேளை வருகிறது. நன்மை செய்தவர்களும் தீமை செய்தவர்களும் அதே சத்தத்தில் எழும்புகிறார்கள். யோவான் 6-இல் தம்முடையவர்களைக் கடைசி நாளில் எழுப்புவேன் என்று நான்கு தடவை சொல்கிறார். அந்த நாளுக்குப் பிறகும் ஆயிரம் வருஷம் பாக்கி இருந்தால் அதைக் கடைசி நாள் என்று எப்படிச் சொல்வது? 1 கொரிந்தியர் 15-இல் கிறிஸ்து வரும்போது கடைசிச் சத்துருவான மரணம் தொலைகிறது. அட்டவணைக்காரர்களின் ஆயிர வருஷத்தில் மரணம் தொடர்கிறது, பாவம் தொடர்கிறது, கடைசியில் கடற்கரை மணலத்தனை பேர் கலகம் வேறு செய்கிறார்கள். இயேசு நேரில் உட்கார்ந்து ஆயிரம் வருஷம் ஆண்ட பிறகும் அவ்வளவு பேர் எதிராகத் திரும்புகிறார்கள் என்றால், அது எப்படிப்பட்ட வெற்றி?

கடைசியாக வெளிப்படுத்தல் 20. ஆயிர வருஷ ராஜ்யம் என்று வேதம் சொல்லும் ஒரே இடம் அதுதான், அதுவும் எண்களும் மிருகங்களும் குறியீடுகளாக நிறைந்த ஒரு புத்தகத்தில். தெளிவான வசனங்களைக் கொண்டு மறைபொருளைப் படிப்பதுதான் முறை, அதைத் தலைகீழாகச் செய்வது அல்ல. 19-ஆம் அதிகாரத்துக்கு அடுத்து 20 வருவதால் சம்பவங்களும் அதே வரிசையில் நடக்கும் என்பது ஊகம். 11-ஆம் அதிகாரம் மரித்தோரின் நியாயத்தீர்ப்பில் முடிகிறது, 12-ஆம் அதிகாரம் கிறிஸ்துவின் பிறப்புக்குத் திரும்பிப் போகிறது. யோவான் ஒரே காலத்தைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். 19-இல் பறவைகளை விருந்துக்கு அழைக்கும் காட்சி எசேக்கியேல் 39-இலிருந்து எடுத்தது. 20-இல் வரும் கோகு, மாகோகு என்ற பெயர்களும் அதே எசேக்கியேல் பகுதியிலிருந்து எடுத்தவை. எசேக்கியேல் ஒரே யுத்தத்தைச் சொன்னார், யோவானும் அதே யுத்தத்தைத்தான் இரண்டு தடவை காட்டுகிறார். அப்புறம் சாத்தான் கட்டப்படுவது. பலவானை முந்திக் கட்டினாலொழிய அவன் வீட்டைக் கொள்ளையிட முடியாது என்று இயேசு தம் ஊழியத்தைப் பற்றியே சொன்னார். ஜாதிகளை மோசம்போக்காதபடி அவன் கட்டப்பட்டதால்தான் சுவிசேஷம் தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்தது. இப்படிப் படித்தால் ஆயிர வருஷம் நம் கையைவிட்டுப் போவதில்லை; நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருப்பதே அதில்தான்.

ஏழு வருஷ உபத்திரவம் இன்னும் மெல்லிய நூலில் தொங்குகிறது. தானியேல் 9-இன் எழுபது வாரங்களில் (ஒரு வாரம் ஏழு வருஷம் என்று கணக்கு) 69-ஐ இயேசுவோடு முடித்துவிட்டு, எழுபதாவது வாரத்தை மட்டும் வெட்டி எடுத்து இரண்டாயிரம் வருஷம் தள்ளி வைக்கிறார்கள். வசனத்தில் அந்த இடைவெளி இல்லை. அந்திக்கிறிஸ்து என்ற சொல்லும் வெளிப்படுத்தலில் இல்லை, தானியேலிலும் இல்லை. யோவானின் நிருபங்களில் மட்டும் வருகிறது, அங்கேயும் அவர்கள் ஏற்கெனவே பலர் வந்துவிட்டார்கள் என்கிறார்.

இந்தக் கொள்கையின் உண்மையான கெடுதல் எனக்குத் தேதிகளில் தெரிவதில்லை, அந்த இரண்டு ஜனக் கணக்கில்தான் தெரிகிறது. எபேசியர் 2-இல் பவுல், கிறிஸ்து 'பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து' யூதரையும் புறஜாதியாரையும் ஒரே புதிய மனுஷனாக ஆக்கினார் என்கிறார். நடுச்சுவர் என்றால் என்ன என்று நெல்லைக் கிறிஸ்தவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வடக்கன்குளம் கோயிலையே சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் போலக் கட்டி, பீடத்தில் மட்டும் சேர வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது கலவரமும் வழக்கும் கிளம்பின. ஒரே இரத்தத்தால் வாங்கப்பட்டவர்களைத் தனித்தனிக் கட்டத்தில் உட்கார வைப்பது எவ்வளவு கேவலம் என்று அனுபவித்து அறிந்த மண் இது. பரலோகத்துக்கு ஒரு ஜனம், பூமிக்கு ஒரு ஜனம் என்று தேவனுடைய திட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பும் போதனையை இங்கே இவ்வளவு எளிதாக வாங்கிக்கொண்டது ஆச்சரியம்தான்.

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. அடியும் வசையும் தாங்காமல் வெளியேறி வந்து தேரி மணலில் முதலூர் என்று ஓர் ஊரை 1799-இல் உண்டாக்கினார்கள். அப்புறம் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம். பனையேறிப் பிழைத்தவர்கள் கலிலேயாவின் ஊர்ப் பெயரைத் தங்கள் ஊருக்கு வைத்தார்கள் என்றால், ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்குத்தத்தம் தங்களுக்கும் சொன்னதுதான் என்று நம்பினார்கள் என்றே நான் வாசிக்கிறேன். கலாத்தியர் 3-உம் அதையே சொல்கிறது: கிறிஸ்துவினுடையவர்கள் ஆபிரகாமின் சந்ததி, வாக்குத்தத்தத்தின்படி சுதந்தரர். இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளிடம், நீங்கள் இடைச்செருகல், வாக்குத்தத்தம் 1948-இல் பிறந்த ஒரு நாட்டுக்கு உரியது என்று சொல்லப்படுகிறது. தலையாட்டிக்கொண்டு கேட்கிறோம்.

இயேசுவின் உவமையில் அத்திமரம் துளிர்ப்பது இஸ்ரேல் உருவானதற்கு அடையாளம் என்பார்கள். அதே உவமையை லூக்கா 'அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்' என்று எழுதுகிறார். அத்திமரம் இஸ்ரேல் என்றால் மற்ற மரங்கள் எந்தெந்த நாடு? 1948-உடன் ஒரு தலைமுறைக்கு நாற்பது வருஷம் கூட்டி 1988 என்று அமெரிக்காவில் ஒருவர் கணக்குப் போட்டுப் புத்தகமே எழுதினார். எருசலேமில் தேவாலயம் மறுபடி எழும்பி மிருகபலி நடக்கும் என்கிறார்கள். ஒரே தரம் செலுத்தப்பட்ட பலிக்குப் பின் இனிப் பலி இல்லை என்று எபிரெயர் 10 முடித்துவைத்த விஷயம் அது. ஸ்கோஃபீல்டு தன் குறிப்பில் அதை நினைவுகூரும் பலி என்று சமாளித்தார். எசேக்கியேலோ அதைப் பாவநிவாரண பலி என்றே சொல்கிறார். எழுத்துக்கு எழுத்து அப்படியே படிக்கிறோம் என்று மார்தட்டுகிறவர்கள் இங்கே மட்டும் ஏன் நழுவுகிறார்கள்?

இது வெறும் வேதபாட விவாதம் என்றால் விட்டுவிடலாம். புனித நாட்டுப் பயணம் போய் வந்தவர்கள் நம் சேகரங்களில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில்) நிறைய. பெத்லகேமில் அவர்களுக்கு ஒலிவமரச் சிலுவை விற்ற கடைக்காரர் பெரும்பாலும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர். அவருடைய நிலத்தைப் பறிப்பது தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று இங்கே மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். 2006-இல் எருசலேமின் லத்தீன், சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைத் தலைவர்கள் சேர்ந்து, இந்தப் போதனை சுவிசேஷத்தின் அன்புக்கும் நீதிக்கும் விரோதமானது என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய கொலைகளை எந்தக் கிறிஸ்தவனும் நியாயப்படுத்த முடியாது. அதே மாதம் காசாவில் பரிசுத்த போர்ஃபீரி ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் தேடிவந்த கிறிஸ்தவர்கள் செத்ததற்கு நம் ஜெபக் குழுக்களில் எத்தனை பேர் அழுதோம்?

யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டார் என்று சொல்வது இந்த விமரிசனத்தின் நோக்கம் இல்லை. ரோமர் 11 அதை வெளிப்படையாகவே மறுக்கிறது. ஐரோப்பிய சபைகள் அந்தத் திமிரால் செய்த பாவம் சாமானியமானது அல்ல. ஆனால் இஸ்ரேலை நேசிக்கிறோம் என்று சொல்லும் அட்டவணையை முழுக்கப் படித்துப் பாருங்கள். உபத்திரவ காலத்தில் யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கு அழிவார்கள் என்று சகரியா 13-ஐக் காட்டி அதே அட்டவணைதான் சொல்கிறது. இப்படிப்பட்ட நேசம் அவர்களுக்கு வேண்டாம்.

நியாயமாகப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒன்று சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு: வருகை வாசலில் நிற்கிறது என்று நம்பியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. குரோவ்ஸ் தன் சொத்தை விட்டுவிட்டுப் பாக்தாதுக்குப் போனார். அவருடைய மைத்துனர் ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைகளை வளர்த்தார். அவசரம் சிலருக்குத் தியாகத்தைக் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெல்லையை நெல்லையாக்கியவர்கள் நீண்ட கணக்கு வைத்திருந்தார்கள். இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குக் கால்டுவெல் 1847-இல் அஸ்திபாரம் போட்டு 1880-இல் பிரதிஷ்டை நடத்தினார். வேதநாயகம் அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார், இன்றைக்கும் அது நடக்கிறது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாளையங்கோட்டையில் பள்ளிகள் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். வேலை மிச்சமிருக்கிறது என்று நினைத்தவர்களுடைய காரியங்கள் இவை.

செய்தித்தாளை வைத்து வேதத்தைப் படிக்கும் பழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். பார்கோடு வந்தபோது வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் இலக்கமான 666 என்றார்கள், ஆதார் வந்தபோது என்றார்கள், கொரோனா தடுப்பூசி வந்தபோது கைக்குள் சிப் வைக்கிறார்கள் என்றார்கள். அதை நம்பி ஊசி போடாமல் இருந்த பெரியவர்கள் உண்டு. 'அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது', புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்று யோவான் எழுதியது சிறிய ஆசியாவில் ரோம அரசின் கீழ் பயந்து வாழ்ந்த ஏழு சபைகளுக்கு. நீரோ இராயன் என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் முறையில் பெயரின் கடைசி எழுத்தை விட்டுக் கூட்டினால் அதுவும் வரும். அந்த ஏழில் ஒன்றான சிமிர்னாவில் இருந்த விசுவாசிக்கு ஒன்றும் விளங்காத, 21-ஆம் நூற்றாண்டுச் சிப்பைப் பற்றிய கடிதத்தை அவனுக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18-இல் மழை கொட்டியதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனது, ஏரல் துண்டிக்கப்பட்டது. தண்ணீர் வடிவதற்குள் 'கடைசிக்கால அடையாளம்' என்று வீடியோக்கள் கிளம்பிவிட்டன. யுத்தங்களையும் பஞ்சங்களையும் பூமியதிர்ச்சிகளையும் சொன்ன இயேசு, அதே பேச்சில் 'முடிவு உடனே வராது' என்றும் சொல்லியிருக்கிறார்; அந்தப் பகுதி வீடியோவில் வருவதில்லை. ஆதிச்சபைக்கும் இப்படி ஒரு செய்தி வந்தது. பூலோகமெங்கும் பஞ்சம் வரும் என்று அகபு அந்தியோகியாவில் சொன்னார். அது வெளிப்படுத்தலின் ஏழு முத்திரைகளில் எத்தனையாவது என்று யாரும் கணக்குப் போட்டதாக அப்போஸ்தலர் 11-இல் இல்லை. அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அந்த வெள்ளத்தில் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு உலை வைத்தவர்கள் அந்தியோகியாவின் வழியில் போனார்கள்.

பழி பந்தல்காரர்கள் மேல் மட்டும் இல்லை. நம் ஐயர்மாரில் பலர் வெளிப்படுத்தலைத் தொடுவதே இல்லை. வருஷத்துக்கு நான்கு ஞாயிறு வருகையின் ஞாயிறுகள் என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. அந்த நான்கிலும் கிறிஸ்துமஸ் கீர்த்தனை ஒத்திகையும் அசன (சபை விருந்து) வரவு செலவும் பேசிவிட்டு, வருகையைப் பற்றிக் கேட்க ஜனங்கள் வேறு எங்கோ போகிறார்கள் என்று வருத்தப்பட்டு என்ன பயன்? ஒரு ஞாயிறு ஏழு சபைகளுக்கு எழுதின கடிதங்கள், ஒரு ஞாயிறு 1 தெசலோனிக்கேயர் 4, ஒரு ஞாயிறு ரோமர் 11, கடைசி ஞாயிறு புதிய வானம் புதிய பூமி. திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் பண்ண வைக்கும்போது, நியாயந்தீர்க்க வருவார் என்ற வரிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கலாம். பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் அந்த ஒரு மணி நேரத்தில் நிச்சயம் முடியாது. அடுத்த வாரமும் கேட்பார்கள், அதற்கும் ஐயர் தயாராக வர வேண்டியிருக்கும்.